பெரிதாக்கிய கையெழுத்து

வக்கீல் தொழிலில் எச்சில் ஒரு கருவி. விரலை நாக்கில் வைக்காமல் கேஸ் கட்டுப் புரட்டுகிற வக்கீலை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த நான் ஒரு டேப்லெட் வாங்கினேன். ஈர விரலால் தடவினால் அது நாலு பக்கம் தாவும், இல்லையென்றால் செத்த மீன் மாதிரி கிடக்கும்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். என்னோடு சட்டம் படித்தவன் ஒருவன், ஒரு பிரிவைக்கூடத் தப்பில்லாமல் சொல்லத் தெரியாதவன், கோர்ட்டில் டேப்லெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தலையாட்டினான். நீதிபதியும் பதிலுக்குத் தலையாட்டினார். அறிவு பேட்டரியில் ஓடும்போலிருக்கிறது என்று நினைத்தேன். மயிலாப்பூரில் மின்விசிறி ரிப்பேர் கடைக்கு மேலே என் ஆபீஸ். போர்டில் ‘அண்ட் அசோசியேட்ஸ்’ என்று போட்டிருக்கும். அந்த அசோசியேட், சுவரோரம் நிற்கிற இரும்பு பீரோ. அதை ஓய்வுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் என் கட்சிக்காரி, தி.நகரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்த அம்மாளின் வழக்கு விசாரணைக்கு வந்தது. கடைச் சொந்தக்காரர் மயிலாப்பூர்வாசி, ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. தன் அனுமதி இல்லாமல் நடுச்சுவரை இடித்துவிட்டாள், காலி செய்ய வேண்டும் என்பது அவர் மனு. உண்மையில் இடித்துக்கொள்ளச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருந்தார். செல்போன் உறை விற்கும் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டதும் அவருக்குச் சுவர் மட்டும் ஞாபகம் இருந்தது, கடிதம் மறந்துபோயிற்று. அந்த அம்மாளுக்கோ கடை போனால் பிழைப்பு போயிற்று.

இப்படிப்பட்ட கடிதத்தை முன்னதாகத் தாக்கல் செய்யாமல், ஆள் கூண்டில் ஏறியதும் சட்டென்று முகத்துக்கு நேரே நீட்டி மடக்குவது எங்கள் பழைய வித்தை. நான் கடிதத்தை ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றிவிட்டு, அசலை பீரோவில் பூட்டினேன்.

“இன்னா சார், அதை இங்கயே வெச்சுட்டா அங்க இன்னாத்தக் காட்டுவீங்க?”

“எல்லாம் இதுலயே இருக்கும்மா.”

“துணியே இல்லாம போட்டோவப் பாத்து ரவிக்கை வெட்டுற மாரி கீது சார்.”

நான் சிரித்தேன். விஞ்ஞானம் புரியாதவர்களிடம் காட்டுவதற்கென்று படித்தவர்கள் ஒரு சிரிப்பு வைத்திருப்போமே, அது.

விசாரணை நாளில் கடைச் சொந்தக்காரப் பெரியவர் விபூதியும் பேனாவுமாகக் கூண்டில் ஏறினார். நான் டேப்லெட்டை நீட்டினேன். வயதானவருக்குத் தெரியட்டும் என்று இரண்டு விரலால் கையெழுத்தைப் பெரிதாக்கியும் கொடுத்தேன். அது திரை முழுக்க மலைப்பாம்பு மாதிரி படுத்திருந்தது.

“இது உங்க கையெழுத்துதானே?”

“இல்லை.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துண்டுதான் இருக்கேன். நான் இவ்ளோ பெரிசாப் போடமாட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவசரமாகச் சுருக்கினேன். ஈரக்கை. அது எறும்பளவுக்குப் போய் நின்றது.

“இவ்ளோ சின்னதாவும் போடமாட்டேன். பேங்க்ல ஆயுசு பூரா அடுத்தவா கையெழுத்தைச் சரிபாத்தவன் ஸார் நான். என்கிட்ட இந்த வேலையெல்லாம் வேண்டாம்.”

நீதிபதி அம்மையார் என்னைப் பார்த்தார். “வக்கீல் சார், ஒரிஜினல் எங்கே?”

“ஆபீஸ்ல, யுவர் ஆனர்.”

“அது அங்கே என்ன பண்ணுது?”

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அசல் வரவில்லையென்றால் அந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள் என்றார் அவர். குறுக்கு விசாரணை பாதியில் நிற்கும்போது நான் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. வழியில்லாமல் பீரோச் சாவியை அந்த அம்மாளிடமே கொடுத்தேன். வாங்கும்போது அவள் பார்த்த பார்வையில் ஓர் ஊசியும் கொஞ்சம் நூலும் இருந்தன. ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

நீதிபதி பெரியவரிடம் திரும்பினார். “சரி, நீங்க எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க.”

அவர் கேட்டது காகிதத்தில். பெரியவரோ கையிலிருந்த டேப்லெட்டிலேயே ஆள்காட்டி விரலால் போட்டுவிட்டார். உள்ளங்கையும் பட்டதில், அறுந்த நூல்கண்டு மாதிரி ஏதோ விழுந்தது. பெரியவர் அதை அருவருப்போடு பார்த்தார்.

“இதுவும் என்னோடது இல்லை.”

“நான் பாக்கும்போதே போட்டீங்களே?”

“போட்டேன். ஆனா இது நான் போட்டது இல்லை.”

கோர்ட்டே சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. காகிதம் கேட்டு வாங்கி, சொந்தப் பேனாவைத் திறந்து, வால் சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டார். கோலம் மாதிரி இருந்தது.

இடைவேளை முடியும் நேரத்தில் அந்த அம்மாள் வியர்க்க விறுவிறுக்க அசலோடு வந்தாள். காகிதத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்களை இன்னும் சில வருஷம் இழுத்தடித்திருக்கலாம். அவர் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் சரிபார்க்கிற புத்தி யாரை விட்டது?

“என்னோடதுதான்,” என்றார். “இந்தச் சுழியை வேற எவனாலயும் போட முடியாது.”

அவர் வக்கீல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து மனுவை வாபஸ் வாங்கினார். கடை தப்பியது.

வெளியே வந்தால் என் பழைய சகபாடி முதுகில் தட்டினான். “மச்சி, டேப்லெட்ல குழப்பிட்டு பேப்பர்ல புடிச்ச பாரு! இன்னா மூளைடா உனக்கு!” இவன் இதை நாலு பேரிடம் சொல்லப்போகிறான், அந்த நாலு பேரும் டேப்லெட் வாங்கப்போகிறார்கள். தடுக்க வேண்டியது என் கடமை. நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

படிக்கட்டில் பெரியவர் அந்த அம்மாளை நிறுத்தினார். ஏதோ சாபம் கொடுக்கப் போகிறார் என்று நான் கிட்டே போனேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“ஆத்துக்காரி... அவளோட ரவிக்கை ரெண்டு உங்க கடையிலதான் இருக்காம். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு வேணுமாம்.”

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கடையைக் காலி பண்ணச் சொன்னியே நைனா, அதுங்களை எங்க வெச்சு தைக்கச் சொல்றதா இருந்த?”

பெரியவர் ஆட்டோவைத் தேடுவதுபோல் தெருவைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை வரச் சொல்லு,” என்றாள் அவள். “கடை அங்கயேதான் கீது.”