காலேஜ் நாடகத்துக்கு வாங்கிய கோட்டு

அந்தக் கோட்டின் ஜிப்பு நெஞ்சு வரைக்கும்தான் ஏறும். அதற்கு மேல் ஒரு பல் உடைந்திருக்கிறது. பாசிப்பச்சை நிறம், முன்பக்கம் நான்கு பை, தோளில் பட்டை, பித்தளை போலத் தெரிகிற பிளாஸ்டிக் பொத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லையில் காவல் நின்ற சிப்பாய் கழற்றிப் போட்டது என்றே தோன்றும். கிட்டே போனால் துணியின் லட்சணம் தெரிந்துவிடும். விழுப்புரத்தில் என் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், அது முப்பது வருஷமாகத் தொங்குகிறது. இதை எதற்கு இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று வீட்டில் கேட்காதவர் கிடையாது. அப்பா ஞாபகம் என்று சொல்லிவைப்பேன். அதில் பாதிதான் உண்மை.

அப்பா கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு இலை, ஆயிரம் இலை என்றால் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாம்பார் கொதிக்கிற வாசனையை வைத்தே உப்பு சொல்வார். ஆனால் முப்பது வருஷம் விறகுப் புகைக்கு முன்னால் நின்றதில் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. மார்கழி பிறந்தால் இழுப்பு வந்துவிடும். நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மார்கழி விடியலில், ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அன்றிலிருந்து அவர் இருமினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த வருஷம் சித்திரையில் ஒரு அழைப்பு வந்தது. நாற்பது பேரை பத்ரிநாத்துக்கு ரயிலில் யாத்திரை கூட்டிப்போகிறவர் ஒருவர், கூட வந்து சமைத்துப்போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்பா அதுவரை சென்னையைத் தாண்டியதில்லை. ஊரார் வீட்டு விசேஷத்தையெல்லாம் அடுப்பு மேட்டிலிருந்தே பார்த்தவர். "ஒரு தபா கங்கையில முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன். அப்புறம் எங்கியும் கேக்கமாட்டேன்" என்று அம்மாவிடம் சின்னப்பிள்ளை மாதிரிக் கெஞ்சினார். டாக்டர் கையை விரித்தார். "நம்மூரு மார்கழியே ஒனக்கு ஆவலியேய்யா, அங்க போயி என்னா பண்ணுவ?" என்றார். யாத்திரைக்காரருக்கும் பயம் வந்துவிட்டது. கனமாக ஒரு மிலிட்டரி கோட்டு இருந்தால் கூட்டிப்போகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, அப்பா போவதும் போகாததும் ஒரு கோட்டில் வந்து நின்றது.

எங்களுக்குக் கோட்டைப் பற்றி என்ன தெரியும்? விழுப்புரத்தில் குளிர் என்றால் தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவது. திண்டிவனத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பிய அவில்தார் ஒருவர் பட்டாளத்துச் சாமான் விற்கிறார் என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார். அன்றைக்கு அப்பாவுக்கு வானூரில் ஒரு கல்யாண வேலை இருந்ததால் என்னை அனுப்பினார். "படிச்ச புள்ள நீ. தையலு கெட்டியா இருக்குதான்னு பாத்து எடுத்துக்கினு வா பாப்பா" என்றார். நான் செருப்பை மாட்டும்போது அம்மா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். "நீ என்னா பண்ணுவியோ தெரியாது. அவர எப்படியாவது நிறுத்து" என்றாள். அவள் கை ஈரமாக இருந்தது. திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் அந்த ஈரம் என் மணிக்கட்டிலேயே இருப்பதுபோல் இருந்தது.

அவில்தார் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை. கம்பளி, தகரப் பெட்டி, பூட்ஸ் எல்லாம் குவிந்து கிடக்க, சுவரில் இரண்டு கோட்டுகள் தொங்கின. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் முதல் கோட்டை எடுத்து உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பொத்தான் போட்டு மாட்டிய தனிக் கம்பளி உள்கோட்டு, ஜிப்புக்கு மேல் காற்று புகாமல் மூடுகிற பட்டி, காதுவரை தூக்கிவிடுகிற காலர், இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு கயிறு. "குளுரு மேலருந்து வராதும்மா, கீழருந்துதான் ஏறும். அதுக்குத்தான் இந்த கவுறு" என்றார். கையுறை போட்ட விரலுக்கும் சிக்கும்படி ஜிப்பில் தோல் வார் கோத்திருந்தது. நான் கையை உள்ளே விட்டேன். சித்திரை வெயிலில் ஒரே நிமிஷத்தில் முழங்கை வரை வேர்த்துவிட்டது. இரண்டாவது கோட்டை அவர் விரலால்கூடத் தொடவில்லை. "அது நம்மூரு தையக்காரன் இதப் பாத்து தச்சது. உள்ள வெறும் பஞ்சு. சும்மா ஷோவுக்கு" என்றார். பிறகு கேட்டார்: "யாருக்கும்மா கோட்டு?"

அந்த நொடியில்தான் என் புத்தி கெட்டது. நல்ல கோட்டை எடுத்துக்கொண்டு போனால் அப்பா போய்விடுவார், போனால் திரும்பமாட்டார் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மட்டமானதைக் கொண்டுபோனால் போட்டுப் பார்த்ததுமே அதன் வண்டவாளம் தெரிந்துவிடும், யாத்திரைக்காரரும் வேண்டாம் என்பார், அப்பா நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அப்புறம் சரியாகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். "காலேஜ் நாடகத்துக்கு சார்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. "இத முன்னாடியே சொல்றதுக்கென்னா?" என்று அவில்தார் சிரித்துக்கொண்டே அந்த ஷோ கோட்டை மடித்துக் கொடுத்தார்.

அப்பா கோட்டைப் பார்த்ததும் கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்தார். ஆனால் யாத்திரைக்காரரை நம்பவைக்க வேண்டுமே. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நான் கனவிலும் நினைக்கவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஐஸ் ஃபேக்டரியின் மேனேஜர் மகள் கல்யாணத்துக்குச் சமைத்தவர் அப்பா. ஐஸ் பாளங்களை உமி போட்டு அடுக்கி வைக்கிற அறைக்குள் கோட்டோடு பதினைந்து நிமிஷம் நிற்பது, தாங்கினால் பத்ரியும் தாங்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். யாத்திரைக்காரரைச் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அமாவாசை. நான் கூடப் போனேன். இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார், கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

கனமான மரக் கதவு. முடியாவிட்டால் உள்ளேயிருந்து தட்டுங்கள் என்று மேனேஜர் சொல்லிச் சாத்தினார். நான் அவருடைய கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம் ஆனது, தட்டவில்லை. ஐந்து ஆனது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் உள்ளே இருமினாலும் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. விழுந்திருந்தால்? விழுந்தவர் எப்படித் தட்டுவார்? எட்டாவது நிமிஷத்தில் ஓடிப்போய் நானே கதவை அறைந்தேன். "இருக்கேன் பாப்பா. இன்னும் டைம் இருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முழுசாகப் பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வந்தார். உதடு கறுத்திருந்தது. கொடுத்த டீயை விரல்களால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "எப்படிய்யா இருந்துச்சி?" என்று யாத்திரைக்காரர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சூப்பரா இருக்குது. உள்ள வேர்க்குதுன்னா பாத்துக்கோங்க. எம் பொண்ணு எடுத்த கோட்டு" என்றார்.

மறுநாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கேட்டால் தூசி என்றார். நான் அவரை நிறுத்தப் போட்ட திட்டம், அவரை வெறும் பஞ்சுக் கோட்டோடு பனிமலைக்கு அனுப்பிவைக்கிற திட்டமாக மாறிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நூறு தடவை நடந்தேன், வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. பெற்ற அப்பாவை ஏமாற்றினவள் என்று அவர் ஒரு தடவை என்னைப் பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. அமாவாசைக்கு மறுநாள் பாட்டிமை என்கிற பிரதமை, யாரும் பயணம் கிளம்பமாட்டார்கள். அதற்கு மறுநாள் சாயங்காலம் ரயில். அந்தக் காலையில், அம்மா சீட்டுக்காக ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்த பணத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "அமாவாசைக்கு மேல்மலையனூர் போனவரு, அப்படியே பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காரு. மத்தியானம் வந்துடுவாரு" என்றார். மத்தியானம் போனது. நாலு மணி ஆனது. நான் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். இனி விழுப்புரத்துக்குத் திரும்பினாலும் ரயிலைப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த ரயில் சென்னைக்குப் போகும் வழியில் திண்டிவனத்தில் நிற்கும். அது ஒன்றுதான் மிச்சம். ஐந்து மணிக்கு அவில்தார் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து இறங்கினார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் நான் அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"என்னா பொண்ணும்மா நீ!" என்று கத்தினார். "வெறும் பஞ்சும்மா அது. நனைஞ்சா போச்சு. நெஞ்சு கெட்ட மனுஷனுக்கா அத மாட்டிவிட்ட?" ஆனால் கத்திக்கொண்டே அவர் கைகள் நல்ல கோட்டை இறக்கி, உள்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தன. நான் நீட்டிய பணத்தை எண்ணாமல் மேஜையில் போட்டார். "ஜல்தி போ. வண்டி வர்ற டைம்மு" என்றார். கோட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயில் வந்தது. எந்தப் பெட்டி என்று தெரியாது. அண்டாவும் தவலையும் தெரிகிற ஜன்னலைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கடைசிக்கு முந்தின பெட்டியில் அவர் முகம் தெரிந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய், "உங்கம்மாவுக்கு என்னா ஆச்சி?" என்றார். பதில் சொல்ல மூச்சில்லை. கோட்டை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் திணித்தேன். அது போகவில்லை. நல்ல கோட்டு அல்லவா, அவ்வளவு கனம். முதலில் ஒரு கையை நுழைத்தேன், அப்பா உள்ளேயிருந்து இழுத்தார். காலர் மாட்டிக்கொண்டது. விசில் ஊதிவிட்டார்கள். நான் வெளியிலிருந்து தள்ள, அவர் காலைப் பலகையில் ஊன்றி இழுக்க, ஒரு பொத்தான் தெறித்து, கோட்டு உள்ளே போய்ச் சேர்ந்தது.

அவர் கோட்டைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையைத் தொட்டார். "அந்த மொத கோட்டு குளுருச்சி பாப்பா. உள்ள போன ஒடனே தெரிஞ்சிபோச்சி. நீ பாத்து பாத்து எடுத்ததாச்சே, நாலு பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? தெரியாம பண்ணதுதான, மனசுல வெச்சிக்காத" என்றார். நான் "அப்பா" என்றேன். ரயில் சத்தத்தின் மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் வண்டி இன்னும் அசையவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. "என்னா?" என்று காதைக் கொடுத்தார். "ஜிப்ப மேல வரைக்கும் போட்டுக்கோப்பா" என்றேன். வண்டி நகர்ந்தது.

அதற்கப்புறம் இருபத்திரண்டு நாள். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் அம்மா வாசலுக்கு ஓடுவாள், நான் கொல்லைக்கு ஓடுவேன். தந்தி என்று யாராவது வாயெடுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். தெரியாமல் பண்ணது என்ற அவர் வார்த்தையோடேயே அவர் போய்விட்டால், அந்தப் பொய்யை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பேன் என்ற பயம்தான் சாவு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா தாடியும் புகை நாற்றமுமாக வந்து இறங்கினார். கங்கை ஜலச் சொம்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு, "மேல ரெண்டு தபா மூச்சு முட்டிக்கிச்சி. இந்த கோட்டு இல்லன்னா நீ பொட்ட அழிச்சிருப்ப" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

நல்ல கோட்டை அடுத்த வருஷம் யாத்திரை போன ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மட்டமானதை யாருக்கும் தரவில்லை. ஒவ்வொரு மார்கழியும் அதைத்தான் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு எடுத்தது. ஐஸ் ஃபேக்டரியில வெச்சி டெஸ்ட் பண்ணது" என்று ஜிப்பை இழுத்துக் காட்டுவார். பெருமை அடிக்கிறார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் திக்கென்று இருக்கும். பன்னிரண்டு மார்கழி அப்படிப் போனது. சொல்லிவிட பன்னிரண்டு மார்கழி இருந்தது. பிறகு ஒரு பங்குனியில், இழுப்பு எதுவும் இல்லாமல், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது எனக்கே இழுப்பு வந்துவிட்டது. மகள் வாங்கிக் கொடுத்த நல்ல ஸ்வெட்டர் இரண்டு இருக்கின்றன. ஆனாலும் மார்கழி விடியலில் கோலம் போடக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து இந்தக் கோட்டைத்தான் எடுத்து மாட்டிக்கொள்கிறேன். ஜிப்பு நெஞ்சு வரை ஏறி நின்றுவிடுகிறது. "தெரிஞ்சேதான்பா எடுத்தேன்" என்று கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். பஞ்சு எல்லாம் இறங்கி அடியில் சேர்ந்துவிட்டது. குளிரத்தான் செய்கிறது.