பலூன் நின்றால்தான் மூன்றாம் மிஷின்

பிளாஸ்டிக் படலம் ஊதும் தொழிலில் ஊதுவது மிஷின். மூச்சு வாங்குவது நாங்கள். கம்ப்யூட்டரில் ஒழுங்காக வந்த கணக்கு நேரில் காலை வாரிவிட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாங்க, நீங்க நம்ம ஆளு.

முதல் தரிசனம்

தீவுப் பக்கம் சூலியா தெருவில் காலைப் பசிக்கு ரொட்டி சானாய், அப்புறம் கடலைத் தாண்ட ஃபெரி, பட்டர்வொர்த்தில் இறங்கினால் பஸ்ஸில் பத்து நிமிடத்தில் தொழிற்சாலை. உருகிய பிளாஸ்டிக் எப்படி ஓடும், எங்கே தடுமாறும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது என் வேலை. படிக்கும்போது சமன்பாடாக மட்டுமே பார்த்த சங்கதியை இங்கேதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

வட்டமான ஓர் இடுக்கிலிருந்து தேன் மாதிரி பிளாஸ்டிக் கிளம்புகிறது. உள்ளே காற்று நிரம்ப நிரம்ப, இரண்டு மாடி உயரத்துக்குப் பலூனாக எழுந்து நிற்கிறது. தலைமுடியைவிட மெல்லிசு! நடுவில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. அடேயப்பா, நான் வாயை மூடவே இல்லை. மூன்றாம் மிஷினை ஓட்டும் பரமண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பதினாறு வருஷமா பாக்குறேன், தங்கச்சி. ஏன் விழலன்னு இன்னும் எனக்கே தெரியல லா."

மூன்று அடுக்கு, மூன்று புத்தி

பக்கத்து ஊர் செபராங் ஜெயாவில் கறி மசாலா பேஸ்ட் தயாரிக்கும் ராஜம் அம்மா, பைக்கு மூன்று அடுக்குப் படலம் கேட்டார். மூன்று வகை பிளாஸ்டிக்கை ஒன்றாக ஓடவிட்டால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஓடப் பார்க்கும். அடுக்குகள் உரசி, படலம் மீன் செதில் மாதிரி மங்கலாக வந்தது. உள்ளே இருப்பது மசாலாவா களிமண்ணா என்றே தெரியாது. இரண்டு முறை சொதப்பியாகிவிட்டது. மூன்றாவதும் போனால் இந்த மூன்றாம் மிஷினையே விற்றுவிடுவோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மிஷின் போனால் பரமண்ணனுக்கும் அவரோடு இருக்கும் ஐந்து பேருக்கும் வேலை போகும்.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெளி அடுக்கைச் சூடாக்கினால் மங்கல் போகும். ஆனால் சூடு ஏறினால் பலூன் தளர்ந்து ஆடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. கடைசியில் கம்ப்யூட்டர் திரையில், சூட்டுக்கு ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. வெறும் ஆறு டிகிரி. அதற்குள் நின்றால் இரண்டுமே சரியாக வரும். எனக்குப் புல்லரித்துவிட்டது. பரமண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"வாசல் அத்தன சின்னதா? சரி, தலைய குனிஞ்சிக்கிட்டுப் போவோம்."

விருந்தாளி மரியாதை

கடைசிச் சோதனைக்கு ராஜம் அம்மாவே நேரில் வந்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சூடு நான் சொன்ன ஆறு டிகிரிக்குள் கச்சிதமாக நின்றது. பலூன் எழும்பியது. எழும்பியதும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது பாருங்கள்! சூட்டைக் குறைத்தால் மறுபடி மங்கல். விட்டால் பலூன் கிழிந்துவிடும். போச்சு, ஆறு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். பரமண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ராஜம் அம்மாதான் பலூனைப் பார்த்தார், பிறகு திரும்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்தார். அங்கே ஆளுயர விசிறி ஒன்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்க்கிறதே என்று மரியாதையாகக் கொண்டுவந்து வைத்தவர் வேறு யாருமில்லை, பரமண்ணனேதான். மிஷின் பக்கம் யாரையும் வேகமாக நடக்கக்கூட விடாத மனுஷன்! நானாவது யோசித்தேனா? என் கணக்கில் கொட்டகைக் காற்று அசைவதே கிடையாது.

"எனக்கு வேர்த்தா வேர்க்கட்டும், காத்த நிப்பாட்டுங்க. அதுக்குப் பிடிக்கல."

அரை முழம்

விசிறி நின்றது. பலூன் ஒருமுறை சிலிர்த்துவிட்டு, அப்படியே அசையாமல் நின்றது. கணக்கு சொன்ன இடத்தில், சொன்ன சூட்டில்! கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. சுருளிலிருந்து அரை முழம் வெட்டிக் கொடுத்தோம். ராஜம் அம்மா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாகப் பரமண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா சவரம் பண்ணலையா, தம்பி? ஒவ்வொரு முடியும் தெரியுதே" என்றார்.

பரமண்ணன் அழுதுவிட்டார். மற்ற ஐந்து பேரும் கண்ணைக் கசக்கினார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. மிஷினை விற்கப் போகிற பேச்சு ராஜம் அம்மா காதுக்கும் எட்டியிருந்தது போல. படலத்தை மடித்துக் கைப்பையில் வைத்தபடி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இந்த மிஷின யாருக்கும் வித்துறாதீங்க லா, எனக்கு மாசா மாசம் வேணும்."

அரை முழம் பிளாஸ்டிக்கைக் கண்டு ஏழு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தொழில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு சங்கம் வைத்துவிடலாம்.