ஒரு நாள் முந்திய வாழ்த்து

காலை எட்டேகால் மணிக்கு வகுப்பறை வாசலில் நின்று பதினாறு குழந்தைகளுக்குக் கைகொடுப்பதுதான் என் முதல் வேலை. எல்லாம் ஆறு வயது. ஒவ்வொன்றும் வரிசையில் வந்து, வலது கையை நீட்டி, என் கண்ணை நேராகப் பார்த்து, "கூட்டன் மோர்கன், ஃப்ராவ் சின்னசாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போகும். கண்ணைப் பார்க்காமல் கையை மட்டும் கொடுத்தால் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கோவையில் நான் படித்த பள்ளியில் டீச்சரை அப்படிப் பார்த்தால் "என்ன முறைக்கிற?" என்பார்கள். கையை நீட்டுவது அடி வாங்க மட்டும்தான். இது போதாதென்று, திருமதி என்று பொருள்படும் அந்த 'ஃப்ராவ்'வுக்குப் பின்னால் வரும் சின்னசாமி என்பது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைச் சும்மா விடக் கூடாதென்று அதை எழுதியிருந்தோம். ஆக, தினமும் பதினாறு பேர் என் அப்பாவுக்குக் காலை வணக்கம் வைக்கிறார்கள். போனில் சொன்னபோது அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "எல்லாரும் சௌக்கியமான்னு நானும் கேட்டதாச் சொல்லு" என்றார்.

இது ஜெர்மனி என்று நினைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து ஃப்ரீவேயில் பன்னிரண்டு நிமிடம் போனால் வரும் ஒரு சின்னத் தனியார் பள்ளி. ஜெர்மன் கம்பெனிகள் இங்கே அனுப்பிய குடும்பங்களின் பிள்ளைகள் பாதி, வீட்டில் ஜெர்மன் பேசும் அமெரிக்கப் பிள்ளைகள் மீதி. கேட்டைத் தாண்டினால் எல்லாமே ஜெர்மன்தான். அங்கே முதல் வகுப்பில் நான் உதவி ஆசிரியை. கோயம்புத்தூர்க்காரி அமெரிக்காவில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. சில நாள் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

கதை எளிமையானதுதான். கல்யாணமான புதிதில் என் கணவர் சரவணனின் கம்பெனி அவரை ஸ்டட்கார்ட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னது. நான் அதை நம்பி ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். நான்கு தேர்வுகள் எழுதித் தேறினேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு மாலை வகுப்பெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்போது ஒருநாள் சரவணன் வந்து, "கவி, ஸ்டட்கார்ட் கேன்சல். சான் ஹோசே புராஜெக்ட். விசா அப்ளை பண்ணிட்டாங்க. எல்லாம் ஃபாரின்தானே?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இங்கே வந்தபின் ஐந்து வருடம், வேலை செய்ய அனுமதி இல்லாத மனைவி விசாவில் வீட்டில் இருந்தேன். டாக்டர் ஆபீஸ் படிவத்தில் தொழில் என்ற இடம் வரும்போதெல்லாம் பேனா நிற்கும். சரவணன் எட்டிப் பார்த்து "ஹோம்மேக்கர்னு போடு" என்பார். தப்பான சொல் ஒன்றுமில்லை. ஆனால் எழுதும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

அனுமதி அட்டை வந்த மாதமே இந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடியும்போது வகுப்பாசிரியை எழுதும் அறிக்கையை வைத்துத்தான் நிரந்தரம். என் வகுப்பாசிரியை ஃப்ராவ் பிராண்ட், ஹாம்பர்க்காரர், முப்பது வருடமாக முதல் வகுப்பு மட்டும் எடுப்பவர். முதல் வாரம் ஒரு குழந்தையின் அப்பா என்னிடம், ஜெர்மனியில் எந்த ஊரில் இருந்தேன் என்று கேட்டார். "ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். நகைச்சுவை இல்லை, அதுதான் உண்மை என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மறுநாள் ஃப்ராவ் பிராண்ட் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் உச்சரிப்பு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரு பெற்றோர் கேட்டார். ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். சுற்றி வளைக்கவில்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. நம் ஊரில் இதையே அரை மணி நேரம் காபி கொடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

ஐந்தரை மாதம் நல்லபடியாகப் போயிற்று. ஸ்டாஃப் ரூம் காலண்டரில், வரும் சனிக்கிழமை ஃப்ராவ் பிராண்டுக்கு அறுபது வயது என்று பார்த்தேன். நம் பள்ளிகளில் சனி, ஞாயிறில் பிறந்தநாள் வந்தால் என்ன செய்வோம்? வெள்ளிக்கிழமையே கலர் டிரஸ்ஸில் வந்து சாக்லேட் நீட்டுவோம். டீச்சர் எல்லாரையும் எழுப்பி 'அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே' சொல்லவைப்பார். மறக்காமல் முன்கூட்டியே சொல்வதில்தானே பிரியம் இருக்கிறது? அதனால் வெள்ளிக்கிழமை அவர் மீட்டிங்குக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்துப் பெரிய அட்டை ஒன்று செய்தேன். பதினைந்து கைகளைப் பெயின்டில் முக்கிப் பதித்தோம். பாட்டும் ஒத்திகை பார்த்தோம்.

லோட்டே என்றொரு பெண் குழந்தை மட்டும் பெயின்டில் கை வைக்காமல் நின்றாள். "பிறந்தநாள் நாளைக்குத்தானே?" என்றாள்.

"நாளைக்கு லீவு. அதனால் இன்று."

"இன்று செய்யக் கூடாது."

"நான் சொல்கிறேன், செய்யலாம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ராவ் பிராண்ட் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். இரண்டு வரிகூட முடியவில்லை. அவர் கையை உயர்த்தினார். "நிறுத்துங்கள்." முகம் வெளுத்துப் போயிருந்தது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. ஒரு குழந்தை அழுதது. "நாளைக்கு. இன்றைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, நான் நீட்டிய அட்டையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பின்னாலிருந்து லோட்டே நிதானமாக, "நான்தான் சொன்னேனே" என்றாள். அன்று முழுக்க ஃப்ராவ் பிராண்ட் என்னிடம் தேவையான வார்த்தைகள் மட்டும் பேசினார்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை பார்க்கிங்கில் விளக்கினார். ஜெர்மன்காரர்கள் பிறந்தநாளை முந்தி வாழ்த்த மாட்டார்களாம், ஒருநாள்கூட. துரதிர்ஷ்டம் வரும் என்பார்களாம். பிந்தி வாழ்த்தலாம், முந்தக் கூடாது. "வேறொரு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார்" என்றார். "திங்கட்கிழமை அவர் கணவருக்கு இதய ஆபரேஷன்."

நான் நான்கு தேர்வு எழுதியவள். ரயில் அட்டவணை, ரொட்டி வகைகள், குப்பையை எந்தெந்தத் தொட்டியில் போடுவது வரைக்கும் படித்தேன். பிறந்தநாளுக்கும் ஒரு பாடம் இருந்தது. எப்படி வாழ்த்துவது என்று அதில் இருந்தது, எப்போது வாழ்த்தக் கூடாது என்று இல்லை. ஏர்போர்ட்டில் மூன்று மணி நேரம் இருந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? ஜெர்மனியில் எந்த ஊர் என்று கேட்ட அந்த அப்பாவின் சந்தேகம் சரிதானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"இதுக்குப் போய் யாராவது வேலையை விட்டுத் தூக்குவாங்களா? சாரி சொல்லிட்டு விடு. சும்மா சூப்பர்ஸ்டிஷன்" என்றார் சரவணன்.

"விசா இன்டர்வியூவுக்குக் கிளம்புறப்ப எதிர்வீட்டுக்காரர் 'எங்க கிளம்பிட்டீங்க'ன்னு கேட்டாருன்னு திரும்பி வந்து உக்காந்து தண்ணி குடிச்சது யாரு?"

அவர் டிவியைப் பார்த்தார். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் ஃப்ராவ் பிராண்டின் முகம் வெளுத்தது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் நம் வீட்டில் எத்தனை வாய் 'வர்றேன்னு சொல்லு' என்று பதறும்? அந்தப் பதற்றத்தைத்தான் நான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை பக்கத்து ஊரான லிவர்மோரில் இருக்கும் கோயிலுக்குப் போய், ஃப்ராவ் பிராண்டின் கணவர் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். குருக்கள் பெயர் கேட்டார்.

"வோல்ஃப்காங்."

நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியலைங்க."

"கோத்திரம்?"

பதற்றத்தில் "ஜெர்மனி" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவாயில்லை, பேரை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றார். பிறகு சமஸ்கிருதத்துக்கு நடுவே வோல்ஃப்காங்கை எந்தச் சிக்கலும் இல்லாமல் உட்கார வைத்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக் கும்பிட்டதில் பாதிதான் அந்த மனிதருக்காக. மீதி என் அறிக்கைக்காக. அதற்காக வெட்கப்பட்டு, பிராகாரத்தை இன்னொரு முறை சுற்றினேன்.

திங்கள் முதல் மூன்று நாள் வகுப்பை நானே பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. ஸ்டோர் ரூமுக்குள் போய் இரண்டு நிமிடம் அழுதுவிட்டு வந்தேன். வியாழக்கிழமை ஃப்ராவ் பிராண்ட் வந்தார். பிள்ளைகள் போனபின் என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

"நான் மூடநம்பிக்கை உள்ளவள் இல்லை" என்று ஆரம்பித்தார். "ஆனாலும் அப்படிச் செய்ய மாட்டோம்."

"எங்கள் ஊரிலும் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள்" என்றேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்ட வேகத்தில் அர்ச்சனையைப் பற்றியும் உளறிவிட்டேன்.

அவர் கேட்டார்: "முழுப் பெயரையும் சொன்னீர்களா? வோல்ஃப்காங் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். அவரும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மாலை உங்கள் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். கோபமாக இருந்தேன். கோபத்தில் எழுதுவது நியாயமில்லை என்று எடுத்து வைத்துவிட்டேன். நேற்றுதான் எழுதினேன்" என்று ஒரு தாளை நகர்த்தினார். மொழியில் குறை இல்லை, பிள்ளைகள் இவரிடம் பயமில்லாமல் பேசுகிறார்கள், நிரந்தரமாக்கலாம் என்று இருந்தது. கடைசி வரி: 'பிறந்தநாள்கள் தவிர எல்லாப் பொறுப்புகளையும் ஒப்படைக்கலாம்.' அந்தத் தாளின் நகல் இப்போது என் அலமாரியில், கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதற்குப்பின் நான் யாரையும் முந்தி வாழ்த்துவதில்லை. பிளசன்டனில் தமிழ்ப் பெண்கள் யாராவது வாட்ஸ்அப்பில் 'அட்வான்ஸ் விஷஸ்' போட்டால்கூட போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். சரவணன் கேலி செய்கிறார். பழக்கம் இப்படித்தான் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் போல.

போன வாரம் என் பிறந்தநாள். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, கடைசிக் குழந்தையும் போனபின், நானும் ஃப்ராவ் பிராண்டும் நாற்காலிகளை மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் வீடியோ கால் வந்தது. கோவையில் மறுநாள் காலை ஆறரை. அம்மா தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, விபூதியுடன் நின்றாள். "ஹேப்பி பர்த்டே சாமி!"

அந்த வார்த்தை எல்லா ஊருக்கும் புரியும். ஃப்ராவ் பிராண்ட் முகம் மலர்ந்து கையை நீட்டிக்கொண்டு வந்தார். "இன்றா?"

"அங்கே இன்று. இங்கே நாளை" என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நீட்டிய கையைக் கோட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, "அப்படியானால் நாளை" என்று மற்ற நாற்காலிகளிடம் போய்விட்டார். அம்மாவோ பெற்றவளின் உற்சாகத்தில் ஆயுசு, ஆரோக்கியம் என்று ஆரம்பித்திருந்தாள். என் கை தானாகத் திரையை மூடியது.

"அம்மா, இப்ப வேண்டாம். நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லேன்."

"நாளைக்கா?" அம்மாவின் குரல் இறங்கிப் போயிற்று. "அதுக்குள்ள இங்க உன் பொறந்தநாள் முடிஞ்சு போயிருமே கண்ணு."

போனைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடினேன். காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, "இப்பச் சொல்லும்மா" என்றேன்.