பதினேழு சிவப்பும் ஒரு மாங்காயும்: பங்காருபாளையம் போய்வந்த கதை

இது ஊர் சுற்றிய கதை இல்லை. நான் காட்பாடியில் கணக்கு டீச்சர். ஆந்திராவில் பங்காருபாளையம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் என் தோழி சரளா, ஜூன் கடைசியில் போன் செய்தாள். "செவ்வாக்கெழம பதினொரு மணிக்கு மண்டல கல்வி ஆபீசர் வராரு. பசங்க சரியா படிக்கலன்னா எங்க பிரிவ தெலுங்கு கிளாஸோட சேத்துடுவாங்களாம். உன் அட்டை வெளாட்ட எடுத்துக்கினு வாடி." லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை 7.10க்குக் காட்பாடியில் சித்தூர் பஸ், 50 ரூபாய். 8.20க்கு இறங்கி, பலமனேர் பஸ்ஸில் 40 ரூபாய் கொடுத்து 9.30க்குப் பங்காருபாளையம். பள்ளிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான். ஆட்டோ 100 ரூபாய். ஆனால் மண்டி வாசலில் மாங்காய் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன.

"பதினொரு மணிக்கு ஆபீசர் வராருண்ணா" என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"அவரும் இந்த ரோட்லதான வரணும், நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போய்ச் சேரும்போது 10.50.

விளையாட்டு எளிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டம் கட்டமாக அச்சடித்த ஓர் அட்டை. அட்டையின் நாலு பக்கமும் நாலு விடை; எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் அந்தப் பிள்ளையின் பதில். நான் போன் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றினால், சரி பச்சையாகவும் தப்பு சிவப்பாகவும் வகுப்பு டிவியில் தெரியும்.

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சரளா பின்னம் நடத்தி முடித்து, "புரிஞ்சிதா?" என்றாள். "புரிஞ்சிது டீச்சர்" என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

முதல் கேள்வி: மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது? கேமராவைச் சுற்றினேன். ஐந்து பச்சை, பதினேழு சிவப்பு. மூன்றைவிட நான்கு பெரிதல்லவா, அந்தக் கணக்கு.

"அடுத்த கேள்விக்குப் போயிடட்டா?" என்று கிசுகிசுத்தேன்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்ற சரளா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ஒரு மாங்காய மூணு பேரு துன்னா பெரிய துண்டு கெடைக்குமா, நாலு பேரு துன்னா கெடைக்குமா?"

இந்த முறை யாரும் கத்தவில்லை. ஆளுக்கொரு மாங்காய் வரைந்து கோடு போட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி சுற்றினேன். பத்தொன்பது பச்சை.

அதிகாரி எழுந்து வந்தார். "டீச்சரம்மா, மொதல்ல எல்லாரும் புரிஞ்சிதுன்னாங்களே, அது இன்னா?"

"எட்டு வருசமா நானும் அத நம்பிக்கினு இருந்தேன் சார்."

அவர் பார்வையாளர் பதிவேட்டில் தெலுங்கில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். சரளா எனக்குப் படித்துச் சொன்னாள்: இந்த வருடம் தமிழ்ப் பிரிவு தொடரலாம், அரையாண்டில் மறுபடி பார்ப்பேன்.

போகிறவர்களுக்கு: மாங்காய் சீசனில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகளை லேமினேஷன் செய்யாதீர்கள், பளபளப்பில் கேமரா தடுமாறும். அங்கே சிக்னல் சுமார்தான். கேள்விகளை வீட்டிலேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த சரளா சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். "இதுக்கு முன்னால எத்தினி பசங்கள அப்படியே ஆறாங் கிளாசுக்கு அனுப்பிட்டனோ."

எனக்குப் பதினொரு வருட சர்வீஸ். இந்த அட்டை என் கைக்கு வந்தது போன வருடம்தான். காட்பாடி வரும்வரை அவளுக்கு ஆறுதலாக ஒரு மெசேஜ்கூட என்னால் எழுத முடியவில்லை.