எட்டாவது மைக்

மைக் முன்னால் நின்று பாடினால் குரல் பதிவாகும் என்று நாற்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியொன்றும் கட்டாயமில்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் ஆசிரியர். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

டெல்லி மோதி பாக்கில் எங்களுக்கு அரசுக் குடியிருப்பு. நான் ஒரு அமைச்சகத்தில் வேலை பார்க்கிறேன். காலனித் தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து பஜனைக் குழு ஒன்று வைத்திருந்தோம். தலைவி கோயம்புத்தூர்க்காரர், எங்கள் எல்லோருக்கும் அக்கா. முறையாகச் சங்கீதம் படித்தவர். முருகன் மேல் சொந்தமாக நான்கு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். வியாழக்கிழமை தோறும் என் வீட்டில் பயிற்சி, ஏனென்றால் எங்கள் ஹால்தான் பெரியது. சுண்டல் செய்வது, நிகழ்ச்சிக்கு ஹால் பிடிப்பது, வண்டி சொல்வது, சுருதிப் பெட்டிக்கு சார்ஜ் போடுவது எல்லாம் நான். அலுத்துக்கொண்டதே இல்லை. வாரம் முழுக்க ஃபைல்களோடு கிடப்பவளுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் மூச்சு.

அக்காவின் பாட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்வோம் என்று முடிவானது. முனிர்காவில், ஒரு குறுகலான சந்தில், பேஸ்மென்ட்டில் ஸ்டூடியோ. அதை நடத்துபவர் அறுபதைத் தாண்டிய தமிழர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்திலிருந்து விளம்பரப் பாட்டு, பக்திப் பாட்டு, நாடகம் என்று எதையும் விடாமல் பதிவு செய்தவர். சுவரெல்லாம் பஞ்சு அடைத்த குளிர்கால ரஜாய்ப் போர்வைகள் தொங்கின. உள்ளே போய்க் கைதட்டினால் சத்தம் அந்த இடத்திலேயே செத்துவிழும்.

அன்று எட்டுப் பேருக்கும் எட்டு மைக் வைத்தார். என்னை ஓரத்தில், கதவை ஒட்டி நிறுத்தினார். எனக்கும் பக்கத்தில் நின்றவளுக்கும் நடுவே ஒரு ஸ்டாண்டில் இரண்டு ரஜாயைத் தொங்கவிட்டார்.

"உங்க குரல் பெரிசு மேடம். மத்தவங்க மைக்ல விழுந்துடும்" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டி, இன்னொரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன்படியே கண்ணை மூடிக்கொண்டு நான்கு பாட்டும் பாடினேன். மே மாதம். பதிவின்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். ரவிக்கை முதுகோடு ஒட்ட, அழுதுகொண்டே பாடினேன். அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு யூடியூபில் வந்தது. தென்காசியிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள். "எட்டு பேரு பாடுனாலும் ஒன் சத்தம் தனியா கேக்கு பிள்ள" என்றாள்.

அந்த ஸ்டூடியோ வாசனை என்னை விடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவர் சனிக்கிழமை காலைகளில் ஒலிப்பதிவு வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். நானே கற்றுக்கொண்டால் நம் குழுவின் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்யலாமே என்பது என் கணக்கு. என்னோடு மூன்று பேர் படித்தார்கள். எல்லோரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். முதல் நாளே, "நான் முன்னாடி இங்க பாடியிருக்கேன் சார்" என்றேன். "அச்சா, வெரி குட்" என்றார், வயரைச் சுற்றிக்கொண்டே. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அதை மறைக்க மாட்டேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. 'ப'வும் 'ப்ப'வும் வெடிக்காமல் இருக்க மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். பாட்டுக்கு முன் அரை நிமிஷம் யாரும் இல்லாத அறையைப் பதிவு செய்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்த அரை நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. மூன்றாவது வாரம் மேல்மாடித் தண்ணீர் மோட்டார் கேட்டது. நான்காவது வாரம் என் கைக்கடிகாரம்.

ஐந்தாவது வாரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மைக்கை எப்படி வைக்கறதுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு ஆளை எப்படி வைக்கறதுன்னு சொல்றேன், சுனோ" என்றார்.

"ஒரு தடவை மதராசி ஆன்ட்டி க்ரூப் ஒண்ணு வந்தாங்க. நம்ம ஆளுங்கதான். அதுல ஒருத்தங்க சரியான பேசுரா, ஒரே அபஸ்வரம். சுருதி ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். வெளிய நிக்கச் சொன்னா சண்டை வரும், டேக் கெட்டுப்போகும். என்ன பண்ணேன்? அவங்களுக்கும் ஒரு மைக் வெச்சேன். கேபிளை மட்டும் எங்கயும் சொருகல. அவங்க கண்ணை மூடிண்டு, அழுதுண்டு, என்னா ஃபீல்! ஜீரோ ரெக்கார்டிங்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். வயிறு குலுங்க நானும் சிரித்தேன்.

பிறகு அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். முதல் வரி வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா எழுதிய மயில் பாட்டு. திரையில் குரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பட்டையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. எண்ணினேன். ஏழு.

"ஒவ்வொண்ணா போடுங்க சார்" என்றேன்.

அவர் மற்றவற்றை மூடிவிட்டு ஒவ்வொரு குரலாகப் போட்டார். முதலில் அக்கா. பிறகு மேல்வீட்டுப் பெண். வரிசையாக என் சிநேகிதிகள் எல்லோரும் வந்தார்கள். ஏழாவது, எனக்குப் பக்கத்தில் நின்றவள். அவள் குரலுக்குப் பின்னால், மிகத் தூரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ரஜாயைத் தாண்டி வந்திருந்த என் குரல்.

"அந்த ஆளை வேண்டாம்னு நீங்களா முடிவு பண்ணீங்களா சார்?"

"நானா? இல்ல. லீடர் மேடம் முந்தின நாளே ஃபோன் பண்ணிட்டாங்க. உயரமா ஒருத்தங்க வருவாங்க, அவங்க குரல் வேண்டாம், ஆனா அவங்களுக்குத் தெரியவே கூடாதுன்னாங்க."

"அது நான்தான் சார்."

அந்த அறையில் எதுவும் எதிரொலிக்காது. நான் சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது. பிள்ளைகளில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "அரே... மேடம், பர்சனலா எடுத்துக்காதீங்க. இது ஒரு டெக்னிக்" என்றார்.

என் குரல், என் கண்ணீர். இதில் பர்சனல் இல்லாதது எது? பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். "பையா, மோதி பாக், ஜல்தி" என்று நான் கத்தியதில் ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அக்கா வீட்டில் குழுவின் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து காபி குடித்துக்கொண்டு. நான் உட்காரவில்லை.

"என் மைக்ல கேபிள் சொருகலையாமே அக்கா?"

அக்காவின் முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு கண்ணு சொன்னாங்க?"

"யாரு சொன்னா என்ன? உண்டா, இல்லையா?"

"உனக்கு மனசு நோகக்கூடாதுன்னுதான் கண்ணு. நீ மேல போறப்பெல்லாம் சுதி இறங்கிருது. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீ எத்தனை செய்யற எங்களுக்கு!"

மற்ற இருவரையும் பார்த்தேன். "ஒங்களுக்கும் தெரியுமா?"

ஒருத்தி புடவை நுனியை நிமிண்டினாள். மற்றவள் காபியைப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்றரை வருஷம், ஏழு பேருக்கும். வியாழக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வந்து, என் பாயில் உட்கார்ந்து, என் சுண்டலைத் தின்றுவிட்டு, "இன்னிக்கு நல்லா பாடினீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டுக்கு நான் வேண்டாம், பாட்டு நடக்கிற ஹாலுக்கு வேண்டும்.

"ஒண்ணரை வருசமா என் வீட்ல உக்காந்து என்னைய முட்டாளாக்கிருக்கிய. ஒருத்திக்குக்கூட சொல்லணும்னு தோணலையா? போ, நீ சரியா பாடலன்னு சொல்லிருந்தா அழுதிருப்பேன். அழுதுட்டு அடுத்த வாரம் வந்திருப்பேன்!"

"கத்தாத கண்ணு, பக்கத்துல கேக்கும்" என்றார் அக்கா.

கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இப்போது முழுதாக நினைவில்லை. செருப்பை மாட்டும்போது கால் நுழையாமல், ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அன்றிரவு அம்மா ஃபோன் செய்தபோது எடுக்கவில்லை. அவளுக்குத் தனியாகக் கேட்டது யார் குரலோ!

அடுத்த சனிக்கிழமை மறுபடி முனிர்காவுக்குப் போனேன். வருவேன் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் வருவதற்கு அரை மணி முன்பே போய் நின்றேன்.

"எனக்கு ஒரு மைக் வைங்க சார். கேபிளைச் சொருகுங்க. சொருகறதை நான் பாக்கணும்."

வைத்தார். ஏ.சி.யை நிறுத்தினார். கேபிளின் முனையை எனக்குக் காட்டிவிட்டுச் சொருகினார். அதே மயில் பாட்டைத் தனியாகப் பாடினேன். திரும்பப் போட்டார்.

அக்கா சொன்னது சரிதான். மேலே போகும்போது என் குரல் சுருதியை விட்டு இறங்கியது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக என் குரலை உள்ளது உள்ளபடி கேட்டேன். முகம் சுட்டது. ஆனாலும் கேட்டேன், கடைசி வரை.

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "வரி முடியறதுக்கு முன்னாடியே உங்களுக்கு மூச்சு தீர்ந்துபோகுது. அதனால தொண்டையை இறுக்கறீங்க. ரெண்டாவது சொல்லுக்கு அப்புறம் மூச்சு எடுங்க. ஒரு கட்டை குறைச்சுப் பாடுங்க. மூணு மாசத்துல சரியாயிடும். பெரிய குறையெல்லாம் இல்ல."

அதுவரை இருந்த கோபம், இப்போது வந்த கோபத்துக்கு முன் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இதை அன்னிக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் சார்?"

"ரெண்டு நிமிஷம்."

"கேபிளைச் சொருகாம மைக் வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு? ரெண்டு ரஜாயைத் தூக்கிட்டு வந்து நடுவில தொங்கவிட?"

அவர் திரையைப் பார்த்தபடியே, "முப்பது வருஷமா பண்றேன் மேடம். யாரும் திரும்பி வந்து கேட்டதில்ல" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். வகுப்பு தொடங்கியது.

நான் படிப்பை விடவில்லை. ரோஷம் இருந்தால் விலகியிருக்க வேண்டாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த மனிதரிடம் இருந்த வித்தை எனக்கு வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன். வகுப்பு முடிந்த நாளில் எல்லோரும் அவர் காலைத் தொட்டார்கள். நான் கைகூப்பிவிட்டு வந்தேன்.

குழு இப்போது வேறொரு வீட்டில் கூடுகிறது. அந்த ஹால் சின்னது, நெருக்கியடித்து உட்காருகிறார்கள் என்று கேள்வி. மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தால் "நல்லா இருக்கியா கண்ணு?" என்பார். தலையை மட்டும் ஆட்டுவேன். எனக்குச் சமாதானமாகப் போகத் தோன்றவில்லை, தோன்றும்போது பேசிக்கொள்ளலாம்.

எங்கள் பின்பக்க அறையில் இரண்டு மைக் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் பாடியோ கவிதை வாசித்தோ பதிவு செய்துகொள்ள யாராவது வருகிறார்கள். போன மாதம் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். பேரன் பிறந்தநாளுக்குத் தாலாட்டு ஒன்று பாடி அனுப்ப ஆசை. இரண்டாவது அடியில் தாளம் ஓடியது. நிறுத்தி, "இங்க வேகம் கூடுது சார், இன்னொரு தடவை பாடலாமா?" என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"அம்பது வருஷமா பாடுறேம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்று எழுந்தார்.

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க சார். அதான் நான் சொல்லுதேன்" என்றேன்.

மரியாதை தெரியாதவள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, ஷூவைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். நான் தடுக்கவில்லை. அவர் பாடியதை, ஓடிய தாளத்தோடு, ஒரு நொடியும் வெட்டாமல் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவைத்தேன். அவர் கேட்டுவிட்டார் என்று நீல டிக் காட்டியது. பதில் வரவில்லை.