பதினேழு கைகளை அழித்த அத்தை

உலகம் தோன்றிய நாளிலிருந்து கைகளை வரைந்து அழித்தவர்களில் எங்கள் அத்தைக்குத்தான் முதலிடம். போட்டி வைத்தால் இரண்டாம் இடத்துக்கு ஆளே தேறாது. இதோ, பதினேழாவது கையைத் தட்டைக் கத்தியால் சுரண்டிப் பழைய செய்தித்தாளில் வழித்துக்கொண்டிருக்கிறார். வழித்த விரல்கள் பிதுக்கிய பற்பசைபோலக் கிடக்கின்றன.

படம் இதுதான்: காலியான கூடத்தில் ஒரு பையன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் படம் மாட்டுகிறான். முதுகு சரி. பிடரி சரி. துருத்திய காதுகூட எங்கேயோ பார்த்த காதுபோல இருக்கிறது. கைகள்தான் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. நாளைக் காலை பத்து மணிக்குக் கேலரிக்காரர் வருகிறார். பிடித்தால் கண்காட்சி. பிடிக்காவிட்டால் பழையபடி கோடுகள்.

கல்லூரியில் ஆள் வரைவதில் முதல் பரிசு வாங்கியவர் அத்தை. அப்புறம் இருபத்திரண்டு வருடம் நீலக் கோடுகள் மட்டுமே. பல் டாக்டர், வங்கி, ஹோட்டல் என்று காத்திருக்கும் அறையெல்லாம் அவர் கோடுகள்தான். “ஆள் படம்னா யாரு இதுன்னு கேப்பாங்க மேடம். கோடுன்னா வம்பில்ல” என்பது கேலரிக்காரரின் சித்தாந்தம்.

போன வருடக் கண்காட்சியில் வினை வந்தது. ஜன்னல் அளவுப் படம் ஒன்றை யாரோ ஒரு பாவி தலைகீழாக மாட்டிவிட்டான். பாவியின் விலாசம் இங்கே தேவையில்லை. மூன்று நாள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் அதன் முன்னால் நின்று, “என்ன ஆழம்!” என்று உருகினார். நாலாம் நாள்தான், ஒரு சொட்டு நீலம் மேல்நோக்கி ஒழுகியிருப்பதை அத்தையே பார்த்தார்.

யாரையும் திட்டவில்லை. படத்தைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கே மூணு நாள் தெரியலடா வாலு. அப்ப இத்தன வருஷமா நான் என்னத்தத்தான் வரைஞ்சேன்?”

வாலு என்பது நான். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை; வயிற்று வலி என்று சொல்லிவைத்தேன். மறுவாரம் நீல ட்யூப்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

இப்போது தூரிகைக் காம்பைக் கடிக்கிறார். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியில் அதைப் பார்க்கிறார். கண்ணாடியிலும் கை இல்லை.

“மறந்தே போச்சுங்க. கை போடறதே மறந்து போச்சு.”

படத்துக்கு மாடலாக மூன்று நாள் தூக்கிய கையோடு நின்று தோள் பிடித்துக்கொண்ட மாமா, தைலம் தேய்த்தபடி, “உன் கையப் பாத்தே வரையேன்” என்றார்.

“என் கை வரையற கை. எனக்கு மாட்டற கை வேணும். டேய் வாலு, இங்க வா.”

ஒரு வெற்றுச் சட்டத்தை என்னிடம் நீட்டினார். நல்ல பிள்ளையாக இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“இப்படி இல்லடா. வலது கை மேல, இடது கை அடியில. அந்தத் தலைகீழ்ப் படத்துக்குப் பின்னாடி உன் சாக்லெட் விரல் பத்தும் அப்படியே இருக்கு. அன்னைக்குத் திருப்பறப்ப எப்படிப் பிடிச்சியோ, அப்படிப் பிடி.”

சட்டம் என் கையில் கிடுகிடுவென்று ஆடியது.

அத்தை கிட்டே வந்து, பெயிண்ட் அப்பிய விரலால் என் கட்டைவிரலை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தார்.

“ஆடாத” என்று சொல்லிவிட்டுத் தூரிகையைத் தோய்த்தார்.