மூன்றாவது போர்வை

பகல் பதினொரு மணிக்கு ஒரு தெரு முழுக்க மின்விசிறிகளின் ‘கடகட’ ஓசையும் குறட்டையும் மட்டுமே கேட்டால் யாருக்குத்தான் விநோதமாகத் தோன்றாது? கோவில்பட்டியில் ரயிலேறி, பஸ் மாறி, சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் அம்மாவோடு இறங்கியபோது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். விளையாடும் பிள்ளை இல்லை, குழாயடியில் சண்டை இல்லை. வரிசையாகச் சாத்திய கதவுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே மாதிரிக் கறுப்பு ‘பூட்சுகள்’, கொடிகளில் ஒரே நீலத்தில் சட்டைகள். எனக்கு அந்த ஊரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கம்பெனி வேலைக்கு வந்த அண்ணனிடமிருந்து ஆறு மாதமாகக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று கண்ணால் பார்த்துவிடத்தான் அம்மா கிளம்பியிருந்தாள். அவன் பெயரைச் சொல்லி அவள் உரக்கக் கூப்பிட்டதும் வீட்டுக்காரம்மா பதறி ஓடிவந்தார்.

“இன்னாம்மா இப்படிக் கத்துற? நைட்டு ஷிப்டு பசங்க தூங்கிகினு கீறாங்க. பூட்சு வெளிய கீதுன்னா கதவத் தட்டவே கூடாது. உள்ளதான் கீறான், சத்தம் போடாம போய்ப் பாரு.”

ஜன்னலில் அட்டை ஒட்டி இருட்டாக்கிய அறை. தரையில் நான்கு பேர் தலைமுதல் கால்வரை போர்த்திக் கிடந்தார்கள்; எங்கள் ஊரில் செத்தவரைத்தான் அப்படிக் கிடத்துவார்கள். நான் அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அம்மா முதல் போர்வையை விலக்கினாள், யாரோ. இரண்டாவதும் யாரோ. மூன்றாவதில் வெளிறிப்போய், கன்னம் ஒட்டிய ஒரு முகம். “இவனுமில்ல” என்று மூடிவிட்டாள். நான்காவதும் இல்லை. ஒருவர்கூடக் கண் திறக்கவில்லை.

“ஐயோ, எம்புள்ள எங்கட்டி?” என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மூடிய அவசரத்தில் மூன்றாவது போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் செயினில் மாட்டி நகம் போன கட்டைவிரல்.

“எம்மா, இது அண்ணன் காலு!”

எங்கள் வீட்டிலேயே கறுப்பன் அவன்தான். மாதக்கணக்கில் வெயிலே படாமல் அப்படி ஆகியிருந்தான். அம்மா பிடித்து உலுக்க, கண்ணைத் திறக்காமலே “கம்பெனி பஸ் வந்துட்டா?” என்றான். பிறகு விழித்து, எங்களைப் பார்த்து ‘ஓ’வென்று அழுதான். அம்மா அழவில்லை. அன்றே அவனைக் கையோடு ஊருக்கு அழைத்து வந்துவிட்டாள்.

இப்போது அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்த ‘லைன் வீடுகள்’ இருந்த சுவடுகூட இல்லை. அம்மாவும் போய்விட்டாள். “அத்தன பேருக்கு நடுவுல, இருட்டுக்குள்ள, பெத்தவ நேரா வந்து என்னைய எழுப்புனாளே!” என்று அண்ணன் இன்றும் தன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறான். அப்போதெல்லாம் நான் அவனுடைய நகமில்லாத கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.